வீதியோரத்து எழுத்துகள்

சித்திரம் நன்றாக வரையும் பிள்ளையைப் பார்த்து எமது வீடுகளில் வழமையாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "இதைப் படித்து முடித்து என்ன செய்யப் போகிறாய்?" கேட்பவர்கள் வெறுப்பினால் கேட்பதில்லை. வைத்தியராகும் பிள்ளை முதல் நாள் எங்கே போய் நிற்கும், என்ன செய்யும் என்பது பெற்றோருக்குத் தெரியும். ஆனால் கலைக் கல்லூரியை முடித்து வரும் பிள்ளையின் முதல் வேலை எப்படியிருக்கும் என்பது அவர்களின் கண்முன் வருவதில்லை. எனவே, அவ்வாறு ஒரு கல்லூரியிலிருந்து வெளியே வந்த இளம் பெண்ணொருவரின் தொடக்க காலத்தை இங்கே விளக்க முனைகிறேன். அவர் பெயர் மார்கரட் கல்வேர்ட். பிரித்தானியாவின் வீதிகளில் இன்றும் நிற்கும் வழிகாட்டிப் பலகைகளையும் எச்சரிக்கைப் பலகைகளையும் வடிவமைத்த இருவரில் ஒருவர்.

கல்வேர்ட் 1936 இல் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்தவர். 1950 இல் குடும்பத்தாருடன் இங்கிலாந்துக்கு வந்தார். பின்னர் லண்டனிலுள்ள செல்சி கலைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே வருகைதரு விரிவுரையாளராகக் கற்பித்தவர் ஜொக் கின்னியர் என்னும் வடிவமைப்பாளர். 1957 இல் லண்டனுக்குத் தெற்கே புதிதாகக் கட்டப்பட்டு வந்த கெட்விக் விமான நிலையத்துக்கு அறிவிப்புப் பலகைகளை அமைக்கும் பணி கின்னியருக்குக் கிடைத்தது. அவர் தமது மாணவி கல்வேர்ட்டை உதவிக்கு அழைத்தார். 1958 ஜூன் மாதம் அந்த நிலையம் திறந்துவைக்கப்பட்டபோது கல்வேர்ட்டுக்கு வயது இருபத்திரண்டைத் தாண்டவில்லை. மற்ற மாணவர்கள் வேலை தேடிக்கொண்டிருக்கும் கோடை காலத்தில், அவருடைய உழைப்பில் உருவான பலகைகளைப் பார்த்துப் பயணிகள் வழி கண்டுகொண்டிருந்தார்கள்.

விமான நிலையப் பலகை ஓர் அழகுப் பொருள் அல்ல. அதை நின்று இரசிப்பவர் எவரும் இல்லை. கையில் பொதியும் இடுப்பில் குழந்தையுமாக வருபவர், நேரம் போய்விட்டதே என்று பதறுபவர், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர் ஆகியோரே அதன் வாசகர்கள். "நான் வரைந்தது எவ்வளவு அழகாக இருக்கிறது" என்பதை விட்டுவிட்டு, "அவசரத்தில் வரும் ஒருவருக்கு இது விளங்குமா" என்று கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் சித்திரம் வடிவமைப்பாக மாறுகிறது. கல்வேர்ட்டின் முதல் வேலை அவருக்குக் கற்பித்த பாடம் இதுவே என்று சொல்லலாம்.

அடுத்து வந்த வேலை பார்வைக்கு இன்னும் சிறியது. கப்பல் பயணிகளின் பெட்டிகளில் ஒட்டும் அடையாளச் சீட்டுகளைக் கின்னியர் வடிவமைத்துக் கொடுத்தார். அந்தக் கப்பல் நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவரான கொலின் அண்டர்சன் என்பவருக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. பிரித்தானியாவில் அப்போதுதான் அதிவேக நெடுஞ்சாலைகள் முதன்முறையாக அமைக்கப்பட்டுவந்தன. அவற்றுக்கான பலகைகளைத் தீர்மானிக்க அரசாங்கம் 1957 இல் ஒரு குழுவை நியமித்தது. அதன் தலைவர் அதே அண்டர்சன். அவர் கின்னியரை ஆலோசகராக அழைத்தார். கின்னியருடன் கல்வேர்ட்டும் சென்றார். பெட்டியில் ஒட்டிய சீட்டுத்தான் நாட்டின் நெடுஞ்சாலைக்கு அவர்களை அழைத்துச் சென்றது.

நெடுஞ்சாலைக்குத் தனியான பலகை ஏன் தேவைப்பட்டது? மணித்தியாலத்துக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் ஒவ்வொரு செக்கனிலும் ஏறத்தாழ 30 மீற்றர் தூரத்தைக் கடக்கிறது. சாரதி மூன்று செக்கன் தடுமாறினால் 90 மீற்றர் போய்விடும். திரும்ப வேண்டிய பாதை தவறும். அல்லது அவர் திடீரென வேகத்தைக் குறைப்பார், பின்னால் வருபவர் மோதுவார். ஆகவே ஒரு பலகையைத் தெளிவாக எழுதுவது உயிரோடு சம்பந்தப்பட்ட காரியம். அக்காலத்தில் பிரித்தானிய வீதிகளில் நின்ற பலகைகளோ ஒன்றுக்கொன்று பொருத்தமில்லாதவை. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு எழுத்து வடிவங்களில் வைக்கப்பட்ட அவை சாரதியைக் குழப்பின.

அவர்கள் எடுத்த முக்கியமான முடிவு எழுத்தைப் பற்றியது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. ஆங்கிலத்தில் உண்டு. அதுவரை அங்கே ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் முழுவதும் பெரிய எழுத்திலேயே எழுதப்பட்டன. அப்படி எழுதினால் எல்லாச் சொற்களும் தூரத்தில் ஒரே மாதிரியான செங்கற்களைப் போலத் தெரியும். முதலெழுத்தை மட்டும் பெரிதாகவும் மற்றவற்றைச் சிறிய எழுத்திலும் எழுதினால் ஒவ்வோர் ஊர்ப் பெயருக்கும் தனியான உருவம் கிடைக்கும். பேர்மிங்ஹாம் என்ற பெயரை ஆங்கிலத்தில் அப்படி எழுதிப் பாருங்கள். நடுவில் ஓர் எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கும். அதற்கு அடுத்த எழுத்து மேலே எழும். ஊரை அறிந்த சாரதி எழுத்துக்கூட்டி வாசிப்பதில்லை. தெரிந்த முகத்தைத் தூரத்தில் கண்டதும் அடையாளம் காண்பதுபோல அந்தச் சொல்லின் உருவத்தைப் பார்த்தே விளங்கிக்கொள்கிறார்.

இதற்காக அவர்கள் ஒரு புதிய எழுத்துருவை வரைந்தார்கள். அதற்கு ட்ரான்ஸ்போர்ட் என்று பெயர். அதில் இரண்டு தடிப்புகள் உண்டு. கறுப்பு எழுத்துக்குச் சற்றுத் தடித்தது, வெள்ளை எழுத்துக்குச் சற்று மெலிந்தது. ஏன் இந்த வேறுபாடு? இருண்ட பின்னணியில் உள்ள வெள்ளை எழுத்து, வாகன விளக்கின் ஒளி பட்டதும் பரவி, உள்ளதைவிடத் தடிப்பாகத் தெரியும். கண்ணின் இந்த ஏமாற்றத்தையும் கணக்கில் எடுத்தே எழுத்தை வரைந்தார்கள். எழுத்துகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதையும் பலகை செய்பவரின் விருப்பத்துக்கு விடவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் அதற்குரிய அகலமுள்ள ஓர் ஓட்டின் மேல் வைத்ததுபோல அமைத்தார்கள். ஓடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் இடைவெளி தானாகச் சரியாக அமையும். பலகையின் அளவை முதலில் முடிவுசெய்து அதற்குள் எழுத்தைத் திணிக்கவில்லை. எழுத வேண்டியது எவ்வளவோ அதற்கேற்பப் பலகை பெரிதாகவோ சிறிதாகவோ அமைந்தது.

வரைந்து முடித்ததும் வேலை முடிந்துவிடவில்லை. லண்டனிலுள்ள ஹைட் பூங்காவில் மாதிரிப் பலகைகளை மரங்களில் சாத்தி வைத்துத் தூரத்திலிருந்து பார்த்தார்கள். 1958 டிசெம்பர் 5 ஆம் திகதி திறக்கப்பட்ட பிரெஸ்ட்டன் புறவழிச் சாலையே பிரித்தானியாவின் முதல் அதிவேக நெடுஞ்சாலை. நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளைக் கொண்ட அவர்களின் பலகைகள் அங்கே முதன்முதலாக நிறுத்தப்பட்டன.

எல்லோரும் அதைப் பாராட்டவில்லை. டேவிட் கின்டர்ஸ்லி என்ற எழுத்துச் சிற்பி, பெரிய எழுத்துகளே போதும், பலகையையும் சிறிதாக்கலாம் என்று வாதிட்டுத் தாமே ஓர் எழுத்துருவை வரைந்தார். எது நல்லது என்று அறிய ஒரு விமானத் தளத்தில் சோதனை நடந்தது. பார்வையாளர்கள் மேடையில் அமர்ந்திருக்க, பலகையைக் கூரையில் சுமந்த வாகனம் அவர்களை நோக்கி ஓடிவந்தது. எந்தத் தூரத்தில் வாசிக்க முடிகிறது என்று குறித்துக்கொண்டார்கள். முடிவில் கின்டர்ஸ்லியின் எழுத்தே மிகச் சிறிதளவு முன்னின்றது. எனினும் வேறுபாடு மிகக் குறைவாக இருந்ததால், பார்வைக்கு நன்றாக இருந்த கின்னியர், கல்வேர்ட் இருவரின் எழுத்தே தெரிவாயிற்று. அளந்து பார்ப்பது அவசியம். ஆனால் அளவுகள் ஏறத்தாழச் சமமாகும்போது அழகுக்கும் ஓர் இடம் உண்டு என்பதை இச்சம்பவம் காட்டுகிறது.

நெடுஞ்சாலைக்குப் பின்னர் நாட்டின் ஏனைய வீதிகள் எல்லாவற்றுக்கும் பலகைகளை மாற்ற மற்றொரு குழு அமைக்கப்பட்டது. 1963 இல் அதன் அறிக்கை வெளிவந்தது. 1965 ஜனவரி 1 முதல் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. முக்கோணம் எச்சரிக்கும், வட்டம் கட்டளையிடும், நீள்சதுரம் தகவல் தரும். இந்த ஒழுங்கு ஐரோப்பிய நாடுகளின் வழக்கத்தைத் தழுவியது. அவற்றுக்குள் வரும் உருவங்களைப் பெரும்பாலும் கல்வேர்ட்டே வரைந்தார். கால்நடைகள் கடக்கும் இடத்தைக் காட்டும் பசு, அவருடைய உறவினரின் பண்ணையில் நின்ற ஒரு பசு. 'பொறுமை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அதன் பெயர். வீதி வேலை நடக்கும் இடத்தில் மண் அள்ளும் மனிதனைக் கண்டு, குடையை விரிக்கப் பாடுபடுகிறான் என்று மக்கள் இன்றும் கேலி செய்கிறார்கள்.

பாடசாலைப் பிள்ளைகள் கடக்கும் இடத்துக்கான பலகையே எம்மைப் போன்ற மாணவிகள் நின்று பார்க்க வேண்டியது. பழைய பலகையில் ஒரு பையன் சிறுமியை அழைத்துச் சென்றான். வசதியான வீட்டுப் பிள்ளைகளைப் போல அவர்கள் தோன்றியதாகக் கல்வேர்ட் கருதினார். அவர் அதை மாற்றினார். புதிய பலகையில் ஒரு சிறுமி முன்னே நடக்கிறாள். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சிறிய பையன் ஒருவன் பின்தொடர்கிறான். அந்தச் சிறுமிக்கு மாதிரி, கல்வேர்ட்டின் சிறுபராயப் புகைப்படம். அவர் இதைப் பற்றி மேடையேறி எதுவும் முழங்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்து வீதியைக் கடக்கும் அக்காமார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஏற்கனவே இருந்த ஓர் உண்மையை அவர் பலகையில் ஏற்றினார். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கோடிக்கணக்கான சாரதிகள் அந்தச் சிறுமிக்காக வேகத்தைக் குறைக்கிறார்கள்.

1964 இல் கின்னியர் தமது நிறுவனத்தின் பெயரில் கல்வேர்ட்டின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். உதவியாளராக வந்தவர் பங்காளரானார். பின்னர் லண்டன் அரச கலைக் கல்லூரியில் நீண்ட காலம் கற்பித்து, அங்கே வரைகலை வடிவமைப்புத் துறையின் தலைவராகவும் இருந்தார். 2016 இல் அரச விருது வழங்கிக் கௌரவிக்கப்பட்டார். பிரித்தானிய அரசாங்கத்தின் இணையத்தளமும் வீதிக்காக வரைந்த அதே எழுத்தின் புதிய வடிவத்தையே பயன்படுத்துகிறது. இருந்தும் அந்தப் பலகைகளில் எங்கும் அவருடைய கையொப்பம் இல்லை. வாசிப்பவருக்கு அது யாருடையது என்று தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

வழி தெரியாதவருக்கு வழி காட்டுவதும், பாதையிலுள்ள இடையூறை அகற்றுவதும் தர்மமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் எமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால், தெளிவான ஒரு பலகையை வரைவது வெறும் பொழுதுபோக்காகத் தெரியாது. "சித்திரம் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லைதான். எல்லோருக்கும் நல்ல ஆசிரியரும் தக்க நேரத்தில் நல்ல வாய்ப்பும் கிடைப்பதும் இல்லை. ஆனால் வாய்ப்பு வரும்போது வேண்டிய திறமை எது என்பதைக் கல்வேர்ட்டின் தொடக்க காலம் காட்டுகிறது. கை வரைவதற்கு முன்னர், பார்க்கப்போகும் மனிதரை மனம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதைப் பழகுவதற்குப் பல்கலைக்கழகம் வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை பாடசாலை அறிவித்தல் பலகையில் ஏதேனும் எழுதி ஒட்டும்போது, ஒட்டிய கையோடு போய்விடாமல் பத்து அடி பின்னால் நடந்து சென்று திரும்பிப் பாருங்கள். மணி அடித்து வகுப்புக்கு ஓடும் முதலாந்தரப் பிள்ளைக்கு அது விளங்குகிறதா என்று பாருங்கள். விளங்கவில்லையென்றால் கழற்றி மறுபடி எழுதுங்கள்.