நாள் முழுக்க நிற்கிற கால்கள் நடந்துவிட்டு வந்தன

சேலை எடுக்கக் கடைக்குப் போகிறீர்கள். சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, "அந்த மாம்பழக் கலரை எடும்மா, அதுக்குக் கீழே இருக்கிறதையும் பிரிச்சுப் போடும்மா" என்கிறீர்கள். பிரித்துப் போடுகிற பெண் காலையிலிருந்து உட்கார்ந்தாளா என்று யாருக்குத் தோன்றும்? நான் ராஜபாளையத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். எனக்கு ஸ்டூல் உண்டு. எதிரே சேலைப் பிரிவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி.

பொங்கல் வியாபாரம் முடிந்ததும் ஒரு நாள் விடுமுறை விட்டார்கள். "எல்லாருமாச் சேர்ந்து எங்காவது நடந்தே போவோம்" என்றேன். சேலைப் பிரிவு அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "ஏ பிள்ள, வருஷம் பூராவும் நின்னு நின்னு காலு வீங்கிக் கெடக்கு. லீவு நாள்லயும் நடக்கவா?"

அக்காவுக்கு வயது 46. பதினாறு வருஷமாக நிற்கிறாள். இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கிறது. இடது கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிப்பெடுக்கிறது. வேலையை விட்டுவிடலாமா என்று மார்கழி முழுக்க யோசித்தாள். விட்டால் மகளின் நர்சிங் படிப்புக்குப் பணம்?

நிற்பதும் நடப்பதும் காலுக்கு ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். காலுக்கு இறங்கின ரத்தம் மறுபடி மேலே ஏறி இதயத்துக்குப் போக வேண்டும். அதை ஏற்றுகிற பம்பு கெண்டைக்கால் சதைதான். நடக்கும்போது சதை இறுகி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளின ரத்தம் கீழே இறங்காமல் ரத்தக் குழாய்க்குள் இருக்கிற சின்னச் சின்னக் கதவுகள் தடுத்துக்கொள்கின்றன. அசையாமல் நின்றால் பம்பு ஓடாது, ரத்தம் தேங்கும். நாளாக ஆகக் குழாய் விரிந்து, கதவுகள் சரியாக மூடாமல் போகும். இதைத்தான் வெரிகோஸ் என்கிறார்கள். கடையில் நின்றால் மட்டும் வருவதில்லை. அடுப்படியில் மணிக்கணக்காய் நிற்கிறவர்களுக்கும் வரும். கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தம் கூடுவதாலும், கருப்பை அழுத்துவதாலும் பலருக்கு முதன்முதலில் தலைகாட்டும். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு குறைந்துவிடும். "டாக்டரும் தினம் நடக்கத்தான் சொன்னாரு. எங்க நேரம்?" என்றாள் அக்கா. அதற்குத்தான் இந்த ஒரு நாள் என்று பிடித்து இழுத்தோம்.

பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வருகிற நால்வரும் அதில் சேர்த்தி. செண்பகத்தோப்புக்குப் போகலாம் என்பது அவர்கள் கட்சி. அது சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988ல் சரணாலயமாக்கின காடு. 2021ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவித்துவிட்டார்கள். வனத்துறையைக் கேட்காமல் உள்ளே கால் வைக்க முடியாது. அதோடு வீட்டுப் பெரியவர்கள் வேறு. கைக்குழந்தைக்காரி ஒருத்தியின் மாமியார், "குரங்கணியை மறந்துட்டியா?" என்று ஒரே பிடியாக நின்றார். 2018 மார்ச் 11ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைபயணம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பெண்கள் பலர். அந்த அம்மாள் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

கடைசியில் காட்டுக்குள்ளேயே போகாமல், ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோயில் போகிற சாலையில், தோப்புகள் வரையில் நடப்பது என்று முடிவாயிற்று. எங்களில் ஒருத்தியின் பெரியம்மாவுக்கு அங்கே மாந்தோப்பு. நான் கேட்ட முதல் கேள்வி, "தோப்பு வீட்டில் கக்கூஸ் இருக்கா?"

சிரிக்காதீர்கள். கடையில் எங்கள் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டும். போனால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். வெளியூர்ப் பயணத்தில் நீங்களும் நானும் செய்வது இதேதான். பெண்களுக்குச் சிறுநீர்த் தாரை சுமார் 4 சென்டிமீட்டர்தான். கிருமி சுலபமாக உள்ளே ஏறிவிடும். தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டிருந்தால் நீர்க்கடுப்புக்கு நாமே பாய் விரித்த மாதிரி. எரிச்சலோடு குளிர் காய்ச்சலும், விலாவுக்குப் பின்னால் முதுகுவலியும் சேர்ந்தால் சிறுநீரகம் வரை போயிருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகள் எரிச்சலோடு நிற்கும்போதே காட்டிவிட வேண்டும்.

காலை ஏழு மணிக்கு முடங்கியார் சாலையில் கிளம்பினோம். மேற்கே மலை பனியில் பாதி மறைந்திருந்தது. இருபுறமும் தென்னையும் மாவும். தை மாதமாகையால் மாம்பூ வாசனை ஆளைத் தூக்கியது. இந்த ஊர்ச் சப்பட்டை மாம்பழம் இங்கேயிருந்துதான் வருகிறது. சித்திரையில் வந்திருந்தால் நடை ஓடியிருக்காது! ஆறாவது மைலில் நகராட்சி நீர்த்தேக்கம் இருக்கிறது. "நம்ம குழாய்த் தண்ணி இங்கேயிருந்துதான் வருது" என்று ஒருத்தி சொல்ல, பாதிப் பேருக்கு அது புதுச் செய்தி. கடையும் வீடுமாக இருந்தால் ஊர் எங்கே தெரிகிறது?

முதல் அரை மணி அக்கா முனகினாள். பிறகு பேச்சு மும்முரத்தில் முனகலை மறந்தாள். நாத்தனார் கதை ஒன்று மைல் கணக்கில் நீண்டது. தோப்பை அடைந்தபோது, காலையில் இறுகலாக இருந்த செருப்பு வார் இப்போது தளர்ந்திருக்கிறதென்று அவளே காட்டினாள். தோப்பு நாய், வெள்ளை வெளேரென்று ரோஜா நிற மூக்கோடு அசல் ராஜபாளையம் ஜாதி, எங்கள் கூட்டத்தைப் பார்த்துக் குரைத்து அலுத்துப் படுத்துவிட்டது. பெரியம்மா, குடத்து நீரையும் கழிப்பறைச் சாவியையும் சேர்த்தே நீட்டினார். "வெக்கப்படாம குடிங்க தாயீ" என்றார்.

சாப்பாடு ஆளுக்கொன்று. புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர்சாதம், கொத்தவரை வற்றல், பருப்புத் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல். புளிப்பும் நல்லெண்ணெயும் இருப்பதால் புளியோதரை வெகுநேரம் தாங்கும். தயிர்சாதத்தை நிறையப் பாலும் ஒரு கரண்டித் தயிரும் ஊற்றிப் பிசைந்துகொண்டு போனால் மத்தியானத்துக்குள் பதமாக உறைந்திருக்கும். சாதத்தை மட்டும் ஆவி பறக்கப் பறக்கப் பாத்திரத்தில் அடைக்காதீர்கள். பரப்பி ஆறவிட்டுக் கட்டுங்கள். வெதுவெதுப்பில்தான் கிருமி பெருகும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பால்கோவா கொண்டு வந்திருந்தார்கள். பாலும் சர்க்கரையும்தான், 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. "ஊர்க்காரங்க நாங்க எதைச் சொன்னாலும் இதைச் சொல்லிட்டுத்தான் சொல்லுவோம்" என்றாள் ஒருத்தி.

அரை மணிக்குள் எழுந்து ஓட வேண்டிய சாப்பாடு அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் நடந்தது. பிறகு பாயில் படுத்து, சுருட்டிய ஜமக்காளத்தின் மேல் எல்லோரும் காலைத் தூக்கிப் போட்டோம். நெஞ்சு மட்டத்துக்கு மேலே கால் இருக்கும்படி ஒரு பதினைந்து நிமிஷம். தேங்கின ரத்தம் இறங்கிவிடும். இது வீட்டிலும் செய்யலாம். ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, வலியும் சூடுமாக இருந்தால் படுத்துக்கொண்டு பார்க்கக் கூடாது. ரத்தக் கட்டியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

படுத்த வாக்கில்தான் ஸ்டூல் பேச்சு வந்தது. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடி, கேரளத்தில் 2018ல் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தார்கள். "சட்டமா? நமக்கா?" என்று அக்கா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

மறுவாரம் மூன்று பேர் போய் மேனேஜரிடம் கேட்டோம். முகம் சுளித்தார், பத்து நாள் கழித்து இரண்டு ஸ்டூல் வந்தது. பதினோரு பேருக்கு இரண்டு. முறை வைத்து உட்காருகிறார்கள். முறை வராதவர்கள் நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார்கள்; அதுவும் அந்தப் பம்பை ஓட்டும். வாடிக்கைக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

அக்கா வேலையை விடவில்லை. டாக்டர் சொன்ன அழுத்தக் காலுறையை வாங்கி, காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே மாட்டிக்கொள்கிறாள். டவுன் பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைக்கு நடந்து வருகிறாள். புடைத்த நரம்பு மறையவில்லை; சாயங்கால வீக்கம் குறைந்திருக்கிறது. அடுத்த நடை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம். ஆடிப்பூரத் தேரும் ஆடித் தள்ளுபடியும் முடியட்டும் என்று காத்திருக்கிறோம். கட்டுச்சோற்றுப் பொறுப்பு இந்த முறை முழுக்க என் தலையில்.