பழைய புல்லட் ஏன் 'டப் டப்' என்று வெடிக்கிறது?

ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சருக்குள் வெடிச்சத்தம் கேட்கிறதா? பெரும்பாலும் காற்று கூடி, பெட்ரோல் குறைந்திருக்கும். மெலிந்த கலவை சிலிண்டரில் சரியாகப் பற்றாமல் வெளியேறி, சூடான சைலன்சரில் பற்றிக்கொள்கிறது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிராமே போதும். 20 சதவீத எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலை ஊற்றினாலும் கார்புரேட்டரில் பெட்ரோலை விடும் பழைய ஜெட்டின் துளை அதே அளவுதான். ஆகவே கலவை தானாகவே மெலிகிறது.

எந்தக் கோளாறுக்கும் ஐடிலிங் ஸ்க்ரூவையே திருகுவது நம் ஊர் வழக்கம். அது வீண்வேலை. அந்த ஸ்க்ரூவின் ஆட்சி கால்வாசி த்ராட்டில் வரைதான். நடுவில் ஆள்வது நீடில். த்ராட்டிலை முழுதாகத் திருகும்போது மெயின் ஜெட். த்ராட்டில் எந்த அளவு திறந்திருக்கும்போது வண்டி திணறுகிறது என்று கவனித்தால், எதைத் தொட வேண்டும் என்பது தெரிந்துவிடும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம்.

அதற்கும் முன், கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்து கேஸ்கெட்டைச் சோதியுங்கள். அங்கே காற்று கசிந்தால் எந்த டியூனிங்கும் நிற்காது.