கடைச் சொந்தக்காரர் மஸ்கட்டில், வரிப் பொறுப்பு நம் தலையில்

நம் கடைவீதியில் வாடகைக் கடைகளே அதிகம். சொந்தக்காரர்களின் பிள்ளைகள் துபாய், மஸ்கட், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். பெரியவர் காலமானதும் பத்திரம் பிள்ளை பெயருக்கு மாறுகிறது. வாடகையை மட்டும் தாயாரோ மைத்துனரோ வந்து வாங்கிப் போகிறார்கள். நமக்கென்ன வந்தது என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

எங்கள் பருப்புக் கிடங்கின் வாடகை மாதம் 20,000 ரூபாய். கணக்குப் பார்க்க வந்த ஆடிட்டர், "அண்ணாச்சி, கிடங்குக்காரர் எங்கே இருக்கிறார்?" என்றார். "மஸ்கட்டில்" என்றோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வேலைக்காக வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன், ஒரு நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இங்கே இருந்தால், பொதுவாக வெளிநாடு வாழ்பவர் என்றே கணக்கு. (இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் விதி வேறு.) அங்கே சம்பாதித்து அங்கேயே வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஆனால் இங்குள்ள கடையின் வாடகை இந்திய வருமானம். அதை யார் கையில் கொடுத்தாலும் வருமானம் பத்திரத்தில் உள்ளவருடையதே.

உள்ளூர்ச் சொந்தக்காரர் என்றால் மாதம் 50,000 வரை டி.டி.எஸ். பிடிக்க வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்த வரம்பே கிடையாது. செஸ் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்து, அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 1961 சட்டத்தின் 195ஆம் பிரிவில் இருந்த இந்த விதி 2025 சட்டத்திலும் தொடர்கிறது. எங்கள் கணக்கில் மாதம் 6,240 ரூபாய். இரண்டு ஆண்டுக்கு 1,49,760. நாங்கள் பிடிக்கவில்லை, அவரும் கணக்கு தாக்கல் செய்யவில்லை. வட்டியோடு எங்கள் கைப்பணத்தில்தான் கட்டினோம். பிடிக்காத வாடகையைச் செலவாகக் கழிக்கவும் முடியாது, லாபத்தோடு சேர்ந்துவிடும்.

வரி பிடிக்கிறோம் என்றதும் சொந்தக்காரர் முகம் மாறும். அவருக்கும் வழி இருக்கிறது. ஆண்டு வாடகை 2,40,000-இல் 30 சதவீதம் கழிவு போக 1,68,000. வேறு இந்திய வருமானம் இல்லையென்றால் வரியே இல்லை. கணக்கு தாக்கல் செய்தால் பிடித்த 74,880-ம் திரும்ப வரும். குறைந்த விகிதத்தில் பிடிக்கும்படி வருமான வரி அலுவலகத்தில் சான்றிதழும் வாங்கலாம். 'வரி வராது' என்று உறுதிமொழிப் படிவம் எழுதிக் கொடுப்பது உள்ளூர்க்காரருக்கு மட்டுமே. வெளிநாட்டில் இருப்பவருக்குச் செல்லாது. வாடகை அதிகமுள்ளவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: 12 லட்சம் வரை வரி இல்லை என்ற தள்ளுபடி அவர்களுக்குக் கிடையாது.

இப்போது எங்கள் கிடங்குக்காரர் சான்றிதழுக்கு மனுப் போட்டிருக்கிறார். அது வரும்வரை மாதம் 13,760 மட்டும் அவருடைய என்.ஆர்.ஓ. கணக்கில் போடுகிறோம். தாயாருக்கு முதலில் வருத்தம்தான். கட்டிய ரசீதின் நகலை அனுப்பிவைத்தோம், சமாதானமாகிவிட்டார்.