நாய், பூனைகளின் தோல் நோய்கள்: வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் வளர்ப்போர் அறிய வேண்டியவை

உங்கள் நாய் இரவு முழுவதும் உறங்காமல் காதைச் சொறிந்துகொண்டே இருக்கலாம். பூனையின் முகத்தில் நாணய அளவில் முடி உதிர்ந்திருக்கலாம். வீட்டில் இருக்கும் ஏதேனும் ஒரு களிம்பைத் தடவிப் பார்ப்போம் என்ற எண்ணம் அப்போது எழுவது இயல்பு. ஆனால், பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் சொறிக்குத் தெள்ளுப்பூச்சி, உண்ணி, பூஞ்சை, பாக்டீரியா, ஒவ்வாமை எனப் பல காரணங்கள் உண்டு. ஒரு நோயைத் தணிக்கும் மருந்து மற்றொன்றை முற்றச் செய்யும். இவற்றுள் சில நோய்கள் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் பரவக்கூடியவை. ஆகவே, காரணத்தை அறிந்த பின்னரே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

இப்பகுதிகளில் தோல் நோய்கள் ஏன் மிகுதி?

சென்னை போன்ற கடலோர நகரங்களில் ஆண்டின் பெரும்பகுதியும் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நனைந்த முடி எளிதில் உலர்வதில்லை. நாயின் மேல்தோல் மனிதத் தோலைவிட மெல்லியது. அதன் அமிலத்தன்மையும் குறைவு. அத்தோலில் இயல்பாகவே வாழும் பாக்டீரியாக்களும் ஈஸ்ட் என்னும் பூஞ்சை வகையும், வெப்பமும் ஈரமும் சேர்ந்து கிடைக்கும்போது அளவு மீறிப் பெருகுகின்றன. உண்ணிகளும் தெள்ளுப்பூச்சிகளும் ஆண்டு முழுவதும் இனப்பெருக்கம் செய்கின்றன. அடர்ந்த முடியும் தொங்கும் காதுகளும் உள்ள நாய்களும், பக் போன்று முகத்தில் மடிப்புகள் உள்ள இனங்களும் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றன.

பரவலாகக் காணப்படும் நோய்கள்

தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை: தெள்ளுப்பூச்சியின் உமிழ்நீர் சில பிராணிகளுக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். அவற்றுக்குச் சில கடிகளே போதும். நாய்க்கு வாலின் அடிப்பகுதியிலும் தொடையிலும் முடி உதிரும். பூனைக்குக் கழுத்திலும் முதுகிலும் சிறு பொருக்குகள் தென்படும். முடியைச் சீவும்போது விழும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் இட்டுப் பாருங்கள். அது செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளுப்பூச்சியின் எச்சமாகும். வளர்ந்த பூச்சிகளாகப் பிராணியின் உடலில் இருப்பவை மொத்தத்தில் ஏறத்தாழ 100க்கு 5 மட்டுமே. மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரை இடுக்கிலும் படுக்கையிலும் உள்ளன. எனவே, வீட்டைத் தூய்மை செய்யாமல் பிராணிக்கு மட்டும் மருந்திட்டால் தொல்லை தீராது.

உண்ணிகள்: நாய்களைப் பற்றும் பழுப்பு உண்ணி, சுவர் வெடிப்புகளிலும் நாய்க்கூண்டின் இடுக்குகளிலும் முட்டையிடும். இது தோலைப் புண்ணாக்குவதோடு எர்லிச்சியா, பபேசியா ஆகிய இரத்த நோய்களையும் பரப்பும். காய்ச்சல், உணவில் நாட்டமின்மை, வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம் வடிதல் ஆகியவை தென்பட்டால் அன்றே மருத்துவரை அணுகுங்கள். உண்ணியை விரலால் நசுக்காதீர்கள். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து அகற்றுங்கள்.

படர்தாமரை: இது பூஞ்சைத் தொற்று. முகம், காது, கால்களில் வட்டமாக முடி உதிர்ந்து செதில்கள் தோன்றும். சில பூனைகள் எவ்வித அறிகுறியுமின்றி இதைப் பிறருக்குப் பரப்பும். உதிரும் முடியில் உள்ள பூஞ்சை வித்துகள் ஓராண்டுக்கும் மேலாக உயிர்ப்புடன் இருக்கக்கூடும். பிராணியைத் தொட்டுப் பழகும் மனிதர்களுக்கும் இந்நோய் தொற்றும்.

சொறிச் சிற்றுண்ணிகள்: கண்ணுக்குத் தெரியாத இச்சிற்றுண்ணிகளில் இருவகை முக்கியமானவை. முதல் வகை காது ஓரத்திலும் முழங்கையிலும் தாங்க முடியாத அரிப்பை உண்டாக்கும்; பிற நாய்களுக்கு விரைவாகப் பரவும்; மனிதருக்கும் சில நாள்கள் அரிப்பு தரும். இரண்டாவது வகை பெரும்பாலும் குட்டிகளின் முகத்திலும் முன்கால்களிலும் முடி உதிர்வை ஏற்படுத்தும், மனிதருக்குப் பரவாது. இவ்வகைக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் நோய் தீவிரமடையும்.

ஈஸ்ட், சீழ்த் தொற்று, ஈரப்புண்: தோல் மடிப்பு, விரலிடுக்கு, காதின் உட்பகுதி ஆகிய இடங்களில் எண்ணெய்ப் பிசுபிசுப்பும் புளித்த வாடையும் இருந்தால் ஈஸ்ட் தொற்றாக இருக்கலாம். சீழ்க் கொப்புளங்கள் பாக்டீரியாத் தொற்றைக் குறிக்கும். அடர்ந்த முடியுள்ள நாய் ஒரே இடத்தை நக்கியும் கடித்தும் வந்தால், சில மணி நேரத்திலேயே நீர் கசியும் ஈரப்புண் உருவாகும். இவை பெரும்பாலும் ஒவ்வாமை போன்ற மற்றொரு குறையின் விளைவுகள். மூலக் காரணத்தைக் கண்டறியாவிட்டால் மீண்டும் மீண்டும் வரும்.

புழுப்புண்: திறந்த புண்ணில் ஈக்கள் முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழுக்கள் வெளிவந்து சதையைத் துளைக்கும். இது அவசர நிலை. புண்ணில் பெட்ரோலையோ ஃபீனைலையோ ஊற்றாமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

செய்யக்கூடாதவை

• மனிதருக்கான ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதீர்கள். அது அரிப்பையும் சிவப்பையும் சில நாள்களுக்கு அடக்கும். அதற்குள் பூஞ்சை பரவிவிடும். பிராணியிடமிருந்து படர்தாமரை தொற்றியவர்களும் இத்தகைய களிம்பைத் தாமாக வாங்கிப் பூசக் கூடாது.

• நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்கு இடாதீர்கள். அத்தகைய பல மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கி உயிரைப் பறிக்கும்.

• பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரே மாத்திரையும் உயிரைப் போக்கலாம்.

• ஐவர்மெக்டின் மருந்தை மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். கோலி போன்ற சில இன நாய்களில் மரபியல் காரணத்தால் அது மூளையைப் பாதிக்கும்.

• பழைய எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய் ஆகியவற்றைப் பூசாதீர்கள். அவை தோலை எரிப்பதோடு, பிராணி நக்கும்போது உடலுக்குள்ளும் செல்லும். மஞ்சள், வேப்பிலை விழுதை ஈரப்புண்ணின் மீது கனமாக அப்பினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

மருத்துவரிடம் செல்லும்போது

மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். முடியை எடுத்துப் பூஞ்சை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பலாம். அதன் முடிவு வர 2 முதல் 3 வாரங்கள் ஆகலாம். பூச்சு மருந்து சோதனை முடிவை மாற்றிவிடும் என்பதால், செல்வதற்கு முன் எதையும் தடவாதீர்கள். அரிப்பு எப்போது தொடங்கியது, என்ன உணவு அளிக்கிறீர்கள், ஏற்கெனவே என்ன மருந்து கொடுத்தீர்கள், வீட்டில் வேறு எவருக்கேனும் அரிப்பு உள்ளதா ஆகியவற்றைத் தவறாமல் கூறுங்கள். களிம்பு தடவியிருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். முடி முளைத்துவிட்டது என்பதற்காகச் சிகிச்சையை இடையில் நிறுத்தாதீர்கள். படர்தாமரைக்குப் பல வாரங்கள் மருந்து தேவைப்படும்.

வீட்டில் பின்பற்ற வேண்டியவை

• மழையில் நனைந்தாலும் குளிப்பாட்டினாலும் விரலிடுக்கு, அக்குள், தோல் மடிப்பு வரை துடைத்து உலர்த்துங்கள். காதுக்குள் தண்ணீர் புகாமல் காத்திடுங்கள்.

• மனிதருக்கான சோப்பையும் ஷாம்புவையும் தவிர்த்திடுங்கள். மருந்து ஷாம்புவைப் பூசியபின், மருத்துவர் வேறு விதமாகக் கூறாவிடில், 10 நிமிடம் வைத்திருந்து கழுவுங்கள்.

• நாள்தோறும் முடியைச் சீவி, காது, விரலிடுக்கு, வாலடி ஆகியவற்றைப் பாருங்கள்.

• படுக்கைத் துணியை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

• உண்ணி, தெள்ளுப்பூச்சித் தடுப்பு மருந்தை வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் அளியுங்கள்.

வீட்டிலுள்ளோர் நலம்

பிராணிக்குப் படர்தாமரையோ சொறியோ இருந்தால், குணமாகும் வரை அதைக் குழந்தைகளின் படுக்கையில் படுக்க விடாதீர்கள். மருந்திடும்போது கையுறை அணியுங்கள். பின்னர் சோப்பால் கை கழுவுங்கள். நீரிழிவு உள்ளவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் இப்பணியைப் பிறரிடம் ஒப்படைப்பது நல்லது. உங்கள் தோலில் வட்டத் தடிப்பு தோன்றினால் தோல் மருத்துவரை அணுகி, வீட்டில் பிராணி இருப்பதைத் தெரிவியுங்கள்.

வலியில் இருக்கும் பிராணி, வளர்ப்பவரையே கடிக்கக்கூடும். நாயோ பூனையோ கடித்தாலும், நகத்தால் கீறினாலும், உங்கள் காயத்தை நக்கினாலும், அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி குறித்து ஆலோசனை பெறுங்கள். வீட்டு நாய்தானே, தடுப்பூசி போடப்பட்டதுதானே என்று காலம் தாழ்த்தாதீர்கள்.

தொடக்கத்திலேயே காரணம் கண்டறியப்பட்டால் இத்தோல் நோய்களில் பெரும்பாலானவற்றைக் குணப்படுத்தவோ கட்டுக்குள் வைத்திருக்கவோ முடியும். உங்கள் நாயோ பூனையோ இரண்டு நாள்களுக்கு மேல் ஓயாமல் சொறிந்தால், அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திற்கோ கால்நடை மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள்.