காத்மாண்டு: மலையைத் தேடிப் போனவருக்கு முதலில் கண்ணில் படுவது என்ன?

காத்மாண்டுவில் இறங்கியதும் கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். இந்தியாவைவிட கால் மணி நேரம் முந்தி ஓடும் நாடு நேபாளம். காலண்டர் இன்னும் வேகம். அங்கே புழங்கும் பிக்ரம் சம்வத் கணக்கு நம் காலண்டரைவிட சுமார் 57 ஆண்டுகள் முன்னால் இருக்கிறது.

முதுகில் பெரிய பையோடு முதல்முறை வந்திறங்கும் பேக்பேக்கருக்கு இதெல்லாம் ஜாலிதான். விமான நிலையத்துக்கு வெளியே வந்தால், புறப்பாட்டு வாசல் பக்கம் ஒரே கூட்டம். கழுத்தில் சாமந்தி மாலை, நெற்றியில் சிவப்புத் திலகம், புது ஜீன்ஸ் என இளைஞர்கள் நிற்கிறார்கள். சுற்றிலும் அம்மா, அப்பா, அக்கா, குழந்தைகள். ஏதோ கல்யாண கோஷ்டி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டாக்ஸியில் ஏறுகிறார்.

அடுத்த சந்தேகம் டாக்ஸியிலேயே வந்துவிடும். இமயமலை எங்கே?

சுமார் 1,400 மீட்டர் உயரத்தில், நாலாபுறமும் குன்றுகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் இருக்கிறது இந்த நகரம். பனிச்சிகரங்கள் குன்றுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. வண்டிப் புகையும் செங்கல் சூளைப் புகையும் கிண்ணத்துக்குள்ளேயே தேங்கி நிற்கும். மழைக்காலம் முடிந்த அக்டோபர், நவம்பர் காலைகளில் வடக்கே வெள்ளையாக மலை தெரியும். மார்ச், ஏப்ரலில் போனால் பெரும்பாலும் சாம்பல் வானம்தான். மாஸ்க் எடுத்துப் போவது நல்லது.

பேக்பேக்கர்கள் தங்குவது தமேல் என்ற பகுதியில். ட்ரெக்கிங் கடை, பஷ்மினா சால்வைக் கடை, பிராண்டு பெயர் ஒட்டிய நகல் ஜாக்கெட், தலைக்கு மேலே கலர் கலராகப் பிரார்த்தனைக் கொடிகள். உண்மையைச் சொன்னால், இது சுற்றுலாப் பயணிகளுக்காகவே வளர்ந்த இடம். இங்கே மட்டும் சுற்றிவிட்டு 'காத்மாண்டு பார்த்தாச்சு' என்று சொல்லக் கூடாது.

தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் அசன் சந்தை. ஆறு தெருக்கள் வந்து சேரும் முக்கு. நடுவே அன்னபூர்ணா கோயில், சுற்றிலும் மசாலா, கருவாடு, பித்தளைப் பாத்திரம், மூட்டை மூட்டையாக அரிசி. பக்கத்திலேயே பங்கேமுடா என்ற இடத்தில் ஒரு மரக்கட்டை இருக்கிறது. அதுதான் பல்வலி சாமி. வலி வந்தவர்கள் ஒரு நாணயத்தை அதில் வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். கட்டையே தெரியாத அளவுக்கு நாணயங்கள். சாமி கைவிட்டாலும் பயமில்லை, அதே தெருவில் பல் டாக்டர்களின் போர்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன!

சாலையில் இன்னொரு ஆச்சரியம், சாஃபா டெம்போ என்ற மூன்று சக்கர வண்டி. பேட்டரியில் ஓடுவது. நம் ஊரில் எலெக்ட்ரிக் ஆட்டோ பற்றிப் பேச ஆரம்பிப்பதற்கு வெகு முன்பே, 1990-களிலேயே வந்துவிட்டது. ஓட்டுநர்களில் பெண்கள் நிறைய. அவர்களை 'தீதி' என்று அழைக்க வேண்டும், அக்கா என்று அர்த்தம். அண்ணனுக்கு 'தாயி'. மீசை வைத்த பெரியவரைப் பார்த்து 'தாயி' என்று கூப்பிட தமிழ் நாக்கு முதல் நாள் கொஞ்சம் தயங்கும்.

சந்தையிலிருந்து அப்படியே நடந்தால் தர்பார் சதுக்கம். காத்மாண்டு என்ற பெயருக்கே காரணமான காஷ்டமண்டபம் இங்குதான் இருக்கிறது. 2015 ஏப்ரல் 25 சனிக்கிழமை, மதியம் 12 மணிக்குச் சற்று முன்பு நிலநடுக்கம் வந்தபோது அதற்குள் ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. மண்டபம் அப்படியே விழுந்தது. நேபாளத்தில் அன்று இறந்தவர்கள் ஏறக்குறைய 9,000 பேர். இப்போது நிற்பது, மரமும் செங்கல்லும் கொண்டு பழைய முறையிலேயே மீண்டும் எழுப்பியது. தெரியாதவர்கள் பல நூறு வருடத்துக் கட்டடம் என்றே நினைப்பார்கள்.

சாப்பாடு பிரச்னையே இல்லை. தால் பாத் என்றால் சோறு, பருப்பு, காய், ஊறுகாய். தட்டு காலியாகக் காலியாகப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். 'தால் பாத் பவர், 24 ஹவர்' என்று டி-ஷர்ட்டே விற்கிறது.

சாப்பிட்டுக்கொண்டே பேச்சுக் கொடுத்தால்தான் ஊர் புரிய ஆரம்பிக்கும். டீக்கடை தீதியின் மகன் கத்தாரில் இருப்பான். டாக்ஸி தாயி மலேசியாவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவராக இருப்பார். ஹோட்டலில் பை தூக்கும் பையன் துபாய் விசாவுக்குக் காத்திருப்பான். வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பும் பணம், நேபாளத்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் கால் பங்கு. வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் தினமும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கிளம்புகிறார்கள். 2025 செப்டம்பரில் இளைஞர்கள் தெருவுக்கு வந்ததற்கு சமூக ஊடகத் தடை, ஊழலோடு இந்த வேலையின்மையும் காரணம். அந்தப் போராட்டத்தில் 70-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பிரதமர் பதவி விலகினார். அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பார் எரிந்தது.

கடைசி நாளில் பலரும் போவது பசுபதிநாதர் கோயிலுக்கு. மூலவருக்குப் பூஜை செய்பவர்கள் தென்னிந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கர்நாடகத்திலிருந்து வரும் பட்டர்கள். கோயிலை ஒட்டி பாக்மதி நதி. படித்துறையில் சிதைகள் எரிய, எதிர்க்கரைப் படிகளில் பயணிகள் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் போனை எடுத்து அதைப் படம் பிடிப்பதுதான் பார்க்கச் சங்கடமாக இருக்கும். விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் மந்திரத்தோடு விமானச் சத்தமும் கேட்கும். வளைகுடாவில் வேலைக்குப் போன இடத்தில் இறந்தவர்களின் உடல்களும் பெட்டிகளில் அந்த விமான நிலையம் வழியாகத்தான் ஊர் திரும்புகின்றன.

ஊர் திரும்ப வரும் பேக்பேக்கருக்கு அந்தக் கல்யாண கோஷ்டி யார் என்று இப்போது தெரியும். வாசலில் அம்மா திலகம் வைக்கிறார், அப்பா பாஸ்போர்ட்டை இன்னொரு முறை சரிபார்த்துக் கொடுக்கிறார். உள்ளே பாதுகாப்புச் சோதனை வரிசையில், பெல்ட்டையும் போனையும் வைக்கும் அதே ட்ரேயில் ஒரு பையன் சாமந்தி மாலையையும் கழற்றி வைக்கிறான்.