உலர்நெல்லும் முற்றத்துக் கோழியும்

மாத்தளை மாவட்டத்து வில்கமுவவில் அறுவடை முடிந்த நாட்களில் முற்றத்திலே பாய் விரித்து நெல் உலர்த்துவர். அதனை நாடிக் கோழி வருவதும், திண்ணையிலிருக்கும் மூதாட்டி சிறுகல் எடுத்து எறிவதும் யான் பலகாற் கண்ட காட்சி. பட்டினப்பாலை கற்பிக்கும் ஆசிரியனுக்கு அப்போது காவிரிப்பூம்பட்டினத்து மகளிர் நினைவு வாராதிராது. அவர்கள் எறிந்தது பொற்குழை. அந்நகரின் செல்வச் செழிப்புக்கு அதனைச் சான்றாகக் காட்டுதல் வழக்கம். ஆயினும், எறிந்தது பொன்னானாலும் எறிந்த காரணம் உலரும் தானியமன்றோ! மனிதனுக்குரிய தானியத்தில் கோழிக்குப் பங்கு உண்டா என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

போர்க்காலத்தில் அவ்வழக்குக் கூர்மையடைகின்றது. 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் கைப்பட்டது. இலங்கை அந்நாளில் தான் உண்ட அரிசியிற் பெரும்பகுதியைக் கடல் கடந்தே பெற்றது; பர்மா அரிசி அதில் மிகுதி. அடுத்த மாதமே கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டுகள் வீழ்ந்தன. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. குரக்கனும் கோதுமை மாவும் கலத்தில் ஏறின. கூப்பன் அரிசியைக் குழந்தைக்கே அளந்து சமைக்கும் வீட்டில், கோழிக்கு ஒரு பிடி எறிய எவர்க்கு மனம் வரும்?

பிரித்தானியாவிலும் இதே இடர். தானியக் கப்பல்களை நீர்மூழ்கிகள் மூழ்கடிக்க, பண்ணைகளுக்குரிய தீவனம் குறைந்தது, கோழிகளும் குறைந்தன. 1941 ஜூன் முதல் ஒருவருக்கு வாரம் ஒரு முட்டை, அதுவும் கிடைத்தாற்றான். மறு ஆண்டில் அமெரிக்க முட்டைத் தூள் வந்தது. அங்கே செய்த ஓர் ஏற்பாட்டை யான் மிக மதிக்கின்றேன். வீட்டிற் கோழி வளர்ப்போர் தம் முட்டைப் பங்கை விட்டுக்கொடுத்தால், ஈடாகத் தீவன மாவுக்குச் சீட்டுப் பெறலாம். உருளைக்கிழங்குத் தோலையும் சமையற் கழிவையும் அவித்து அம்மாவுடன் பிசைந்து வைத்தனர். மனிதன் உண்ணாததை முட்டையாக்கும் வழி இது.

முட்டை பெருக்கும் பிற வழிகள் சிலவே. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய ஒரு நாள் செல்லும். அதிற் பெரும்பொழுது ஓடு படிதற்கே. ஓடு சுண்ணாம்பாதலின், சிப்பியை இடித்துப் போடவேண்டும். அடைகிடக்கும் கோழி இடாது; அடையைத் தெளிவித்தால் மீண்டும் இடும். இடாத கோழிக்குத் தீனி வீண்.

வெள்ளை லெகோர்ன் கோழி நாட்டுக் கோழியைப் போலப் பன்மடங்கு இடும். அமைதிக் காலத்தில் அதற்கு நிகரில்லை. ஆயின் அதற்குச் சோளமும் புண்ணாக்கும் குறையாது வேண்டும். நாட்டுக் கோழியோ கறையானும் புழுவும் சிந்திய மணியும் கிளறித் தன் வயிற்றைத் தானே காக்கும். கோழி ஒன்றுக்கு எத்தனை முட்டை என்று எண்ணுவது பண்ணைக் கணக்கு. மனிதன் வாயிலிருந்து எவ்வளவு எடுத்து எத்தனை முட்டை தந்தது என்பதே பஞ்சகாலக் கணக்கு.

போரில்லாமலும் அக்கணக்கு வரும். 2021-இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட, சோள விளைச்சல் சரிந்தது. மறு ஆண்டு தீவனம் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. 2023-இல் இந்தியாவிலிருந்து முட்டை வந்து இறங்கியது. அந்நாட்களில் வில்கமுவவில் யான் தங்கிய வீட்டிலே காலையுணவுடன் ஒரு முட்டை வைத்தனர். எங்கே வாங்கியது என்று வினவினேன். மூதாட்டியார் சிரித்து முற்றத்தைக் காட்டினார். பாயருகே அக்கோழி நின்றது; அவர் கையிற் கல்லும் இருந்தது.