கேழ்வரகு மாவும் கிராம் விலையும்

தர்மபுரி ஜில்லா கேழ்வரகுக்குப் பேர்போனது. 2023-ம் வருஷம் மே மாதத்தில், ரேஷன் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு சர்க்கார் தொடங்கியது இங்கும் நீலகிரியிலுந்தான். 2025-26-ம் பருவத்துக்கு மத்திய சர்க்கார் நிர்ணயித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். கிலோவுக்கு ஐம்பது ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதே தானியம் மாவாகிப் பொட்டலத்தில் அடைபட்டு மளிகைக் கடைக்குத் திரும்பும்போது கிலோ என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். பலருக்குப் பொட்டலத்தின் விலை தெரியும். கிலோவின் விலை தெரியாது.

400 கிராம் மாவு 36 ரூபாய், ஒரு கிலோ 75 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சிறு பொட்டலம் மலிவாகத் தோன்றும். கணக்குப் பார்த்தால் அதன் விலை கிலோவுக்கு 90 ரூபாய் ஆகிறது. மாதம் பத்துக் கிலோ செலவாகும் குடும்பத்துக்கு இதனால் 150 ரூபாய் நஷ்டம்.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 2011-ம் வருஷத்திய பொட்டலப் பண்ட விதிகளை மத்திய சர்க்கார் 2021 நவம்பரில் திருத்தினார்கள். சில பண்டங்களைக் குறிப்பிட்ட எடைகளில் மட்டுமே அடைக்கலாம் என்றிருந்த கட்டுப்பாட்டை நீக்கி, அதற்கு ஈடாக அலகு விலையை அச்சிட வேண்டுமென்று விதித்தார்கள். நல்ல காரியந்தான், ஆனால் அரைகுறையாகச் செய்த காரியம். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராம் விலை. அதற்கு மேற்பட்டதில் கிலோ விலை. ஒன்றை ஆயிரத்தால் பெருக்காமல் இரண்டையும் ஒப்பிட முடியாது. பெருக்கினாலும் சரியான விடை வராது. விலையை இரண்டு தசம ஸ்தானங்களுக்குச் சுருக்கி அச்சிடுவதால், கிராம் 0.09 ரூபாய் என்றிருந்தால் கிலோ 85 ரூபாயாகவும் இருக்கலாம், ஏறக்குறைய 95 ரூபாயாகவும் இருக்கலாம். பத்து ரூபாய் வித்தியாசத்தை மறைக்கும் விலைக்குறிப்பினால் கூலிக்காரருக்கு என்ன பயன்?

இத்தகைய கணக்கு நம் தேசத்துக்குப் புதிதன்று. 1923-ல் உப்பு வரியை மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக உயர்த்தினார்கள். 1930-ல் வேதாரண்யம் யாத்திரை நடத்திய ராஜாஜியும், தர்மபுரியை உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் ஜில்லாக்காரரே. அந்த வரி ஏழைக்கும் செல்வனுக்கும் மணங்குக்கு ஒன்றாகவே இருந்தது. அதையே அநீதி என்றோம். இன்றைய சிறு பொட்டலத்திலோ ஏழை செல்வனைவிட அதிக விலை கொடுக்கிறான்.

பெரிய பொட்டலத்தை வாங்கலாமே என்பர். கையில் நாற்பது ரூபாயுடன் வரும் கூலிக்காரருக்கு அந்த உபதேசம் எதற்கு? மேலும் அது எப்போதும் உண்மையுமன்று. ஷாம்புவில் ஒரு ரூபாய்ப் பொட்டலமே பெரிய புட்டியைவிட மலிவாயிருப்பதுண்டு. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு பெரியதை எடுப்பவரும் ஏமாறலாம். நாலு வீட்டார் சேர்ந்து கேழ்வரகாகவே வாங்கி மில்லில் அரைத்துக்கொள்வது ஒரு வழி. அரவைக் கூலியையும் சேதாரத்தையும் சேர்த்தே அதன் கிலோ விலையைக் கணக்கிட வேண்டும். சந்தையில் படியால் அளந்து வாங்குவோர், ஒரு முறையாவது அந்தப் படித் தானியத்தைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது நலம். தலை தட்டிய படி வேறு, குவித்த படி வேறு.

உணவுப் பண்டம் எவ்வளவு சிறிய பொட்டலத்தில் வந்தாலும் கிலோ விலையே அச்சிட வேண்டும் என்று மத்திய சர்க்கார் விதியை மாற்ற வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கூட்டுறவுப் பண்டகசாலைகளில் ஒவ்வொரு சரக்கின் கிலோ விலையையும் பெரிய தமிழ் எழுத்தில் பலகையில் எழுதி வைக்க எந்தச் சட்டமும் தடையன்று. தர்மபுரியிலும் பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் உள்ள தேச ஊழியர்கள் இவ்வாரமே பண்டகசாலை நிர்வாகிகளைக் கண்டு, அந்தப் பலகையைக் கேட்க வேண்டும்.